செகண்ட்-கெஸ்: எடுத்த முடிவைக் கிளறும் ஆங்கில வினைச்சொல் – முழுமையான வழிகாட்டி

ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அதையே மறுபடி திறந்து படித்திருக்கிறீர்களா? இரண்டாவது வரி கொஞ்சம் கடுமையாகிவிட்டதோ, கடைசியில் நன்றி என்று போட்டிருக்கலாமோ, பேசாமல் நாளைக்கு அனுப்பியிருக்கலாமோ என்று மனது ஓடிக்கொண்டே இருக்கும். அனுப்பியது அனுப்பியதுதான், திரும்ப வாங்க முடியாது. ஆனாலும் விடாது. இந்த அவஸ்தையை ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல்லில் சொல்லிவிடலாம்.

'ஐ கெப்ட் செகண்ட்-கெஸ்ஸிங் தட் ஈமெயில்.'

அந்த மின்னஞ்சலை அப்படி அனுப்பியது சரிதானா என்று மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தேன் என்பதுதான் இதன் பொருள். தமிழில் நமக்கு இவ்வளவு சொற்கள் தேவைப்படுகின்றன. ஆங்கிலத்தில் செகண்ட்-கெஸ் என்ற ஒன்று போதும். அலுவலகக் கூட்டத்தில், நண்பர்களுடன் பேசும்போது, விளையாட்டு வர்ணனையில், செய்தியில் என்று எங்கும் காதில் விழும் சொல் இது. இருந்தும் ஆங்கிலம் நன்றாகப் பேசும் தமிழர்கள்கூட இதை வாயில் எடுப்பது குறைவு. அதற்குப் பதிலாக 'டவுட்' என்று சொல்லிவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அதனால் நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: 'டவுட்'டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

தமிழில் 'சந்தேகம்' என்ற ஒரு சொல் நான்கு பேர் வேலையைப் பார்க்கிறது. ஆசிரியரிடம் 'ஒரு சந்தேகம்' என்றால் அது கேள்வி. 'அவன் மேல் எனக்குச் சந்தேகம்' என்றால் அவன்தான் செய்திருப்பான் என்ற எண்ணம். 'அவர் வருவது சந்தேகம்' என்றால் வரமாட்டார் என்ற ஊகம். 'நான் செய்தது சரியா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது' என்றால் மனக்குழப்பம். ஆங்கிலத்தில் இந்த நான்குக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. கேள்விக்கு 'கொஸ்டின்', அவன்தான் என்ற எண்ணத்துக்கு 'சஸ்பெக்ட்', நடக்காது என்ற ஊகத்துக்கு 'டவுட்', நான்காவதற்கு 'செகண்ட்-கெஸ்'.

இதைக் கலந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அறிக்கையைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். மூன்றாவது பக்கத்தில் ஒரு கூட்டுத்தொகை உதைத்தது. உடனே எழுதினேன்: 'ஐ டவுட் தேர் இஸ் எ மிஸ்டேக் ஆன் பேஜ் த்ரீ.' மூன்றாம் பக்கத்தில் பிழை இருக்கும் போலத் தெரிகிறது என்று சொன்னதாகத்தான் என் நினைப்பு. படித்தவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். அவருக்கு அது நேர் எதிராகப் போய்ச் சேர்ந்தது: 'மூன்றாம் பக்கத்தில் பிழை இருக்க வாய்ப்பில்லை.' நன்றி சொல்லிப் பதில் போட்டுவிட்டு அறிக்கையை அப்படியே மேலே அனுப்பிவிட்டார். தொகை தவறுதான். நான் எழுதியிருக்க வேண்டியது 'ஐ சஸ்பெக்ட் தேர் இஸ் எ மிஸ்டேக்.' ஒரு சொல்தான் மாறியது, பொருள் தலைகீழாகிவிட்டது.

ஆகவே இதை மட்டும் இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 'ஐ டவுட்' என்று தொடங்கினால் பின்னால் வருவது நடக்காது என்று நீங்கள் நினைப்பதாக அர்த்தம். எடுத்த முடிவு குறித்த மனப்போராட்டத்தைச் சொல்ல அது வசதியான சொல் அல்ல. 'ஐம் டவுட்டிங் மை டிசிஷன்' என்றால் புரியாமல் போகாது, இலக்கணப்படி பெரிய பிழையும் இல்லை. ஆனால் இயல்பான பேச்சில் அந்த இடத்துக்கு முதலில் வந்து நிற்பது செகண்ட்-கெஸ்தான்.

இரண்டாம் படி: 'கிளறு' என்று நினையுங்கள்

இந்தச் சொல்லைப் பலருக்குச் சொல்லிக் கொடுத்த பிறகு எனக்குக் கிடைத்த வழி இது. அகராதியில் பார்த்தால் 'சந்தேகி', 'மறுபரிசீலனை செய்', 'குறைகூறு' என்றெல்லாம் வரும். அவற்றை மறந்துவிடுங்கள். 'பழசைக் கிளறாதே' என்கிறோமே, அந்தக் 'கிளறு'வை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்துபோன ஒன்றைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பது. செகண்ட்-கெஸ்ஸின் குணம் முழுவதும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

கிளற வேண்டுமானால் ஏற்கெனவே ஏதாவது இருக்க வேண்டும். அதேபோல் செகண்ட்-கெஸ் செய்ய ஏற்கெனவே ஒரு முடிவு இருக்க வேண்டும். 'எதை'க் கிளறுகிறாய் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் 'கிளறு' நிற்காது. செகண்ட்-கெஸ்ஸும் செயப்படுபொருள் இல்லாமல் நிற்காது. கிளறுவது ஒரு செயல், அதனால் 'கிளறிக்கொண்டே இருக்கிறேன்' என்று சொல்ல முடிகிறது. ஆங்கிலத்திலும் 'ஐம் செகண்ட்-கெஸ்ஸிங்' என்ற தொடர்வினை வடிவம் இயல்பாக வருகிறது. 'கிளறாதே' என்று சொல்லும்போது குரலில் லேசாக ஒரு சலிப்பு இருக்கிறதல்லவா? செகண்ட்-கெஸ்ஸிலும் அந்தச் சலிப்பு உண்டு. இது வேலைக்காகாத யோசனை, தேவைக்கு மேற்பட்ட யோசனை என்ற வாடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நிதானமாக உட்கார்ந்து மறுபரிசீலனை செய்வதற்கு 'ரீகன்சிடர்' என்ற கௌரவமான சொல் தனியாக இருக்கிறது.

மூன்றாம் படி: வாயில் வரவழையுங்கள்

மூன்று அசை: செ, கன்ட், கெஸ். அழுத்தம் கடைசியில் உள்ள 'கெஸ்'ஸில் பலமாகவும், முதல் 'செ'யில் லேசாகவும் விழும். நடுவில் உள்ளது மங்கலாக ஒலிக்கும். வேகமாகப் பேசுபவர்கள் 'ட்'டை விழுங்கிவிடுவதால் காதில் 'செகன்கெஸ்' என்றுதான் விழும். அதனால்தான் பலமுறை கேட்டும் பலருக்கு இது ஒரு தனிச்சொல் என்று பிடிபடுவதில்லை.

இறந்தகாலத்தில் நம் நாக்கு ஒரு தவறு செய்யும். எழுத்தில் கடைசியில் இ, டி என்ற இரண்டு எழுத்துகள் சேர்வதைப் பார்த்து 'கெஸ்ஸெட்' என்று இரண்டு அசையாகச் சொல்லிவிடுவோம். சரியான உச்சரிப்பு 'கெஸ்ட்', ஒரே அசை. விருந்தாளியைக் குறிக்கும் 'கெஸ்ட்'டுக்கும் இதற்கும் காதளவில் வேறுபாடே கிடையாது. 'ஹி', 'ஷி'க்குப் பின் நிகழ்காலத்தில் மட்டும் 'கெஸ்ஸிஸ்' என்று ஓர் அசை கூடும். எழுதும்போது செகண்டுக்கும் கெஸ்ஸுக்கும் நடுவே சிறு கோடு போட வேண்டும். கோடு இல்லாவிட்டால் 'இரண்டாவது ஊகம்' என்று வேறு பொருளுக்குப் போய்விடும்.

நான்காம் படி: பின்னால் என்ன வரும்?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். எழுத்திலும் பேச்சிலும் நான் காணும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன.

'ஐம் செகண்ட்-கெஸ்ஸிங் அபவுட் மை டிசிஷன்.' இது தவறு. நடுவில் உள்ள 'அபவுட்' வரக்கூடாது. நாம் ஏன் அதைச் சேர்க்கிறோம் என்றால், தமிழில் 'என் முடிவைப் பற்றி யோசிக்கிறேன்' என்று நினைத்துக்கொண்டு பேசுகிறோம். அந்தப் 'பற்றி'தான் 'அபவுட்'டாக வந்து உட்காருகிறது. 'முடிவைக் கிளறுகிறேன்' என்று நினைத்துப் பாருங்கள். 'பற்றி' தானாக விழுந்துவிடும், 'அபவுட்'டும் கூடவே போய்விடும். சரியான வாக்கியம்: 'ஐம் செகண்ட்-கெஸ்ஸிங் மை டிசிஷன்.'

கிளறப்படும் பொருளாக மூன்று வகை வரும்.

முதலாவது, முடிவே நேரடியாக வருவது. 'டிசிஷன்', 'சாய்ஸ்', 'ஜட்ஜ்மென்ட்', 'இன்ஸ்டிங்க்ட்' போன்றவை. 'ஷி இஸ் செகண்ட்-கெஸ்ஸிங் ஹர் சாய்ஸ் ஆஃப் கோர்ஸ்': எடுத்த படிப்பு சரியானதுதானா என்று அவள் குழம்பிக்கொண்டிருக்கிறாள். 'டோன்ட் செகண்ட்-கெஸ் யுவர் இன்ஸ்டிங்க்ட்': உள்மனது சொன்னதைச் சந்தேகப்படாதே.

இரண்டாவது, தன்னையே கிளறிக்கொள்வது. அன்றாடப் பேச்சில் அதிகம் புழங்குவது இதுதான். 'ஐ ஆல்வேஸ் செகண்ட்-கெஸ் மைசெல்ஃப்': எதைச் செய்தாலும் சரிதானா என்று எனக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 'ஸ்டாப் செகண்ட்-கெஸ்ஸிங் யுவர்செல்ஃப்': உன்னையே நீ சந்தேகப்படுவதை நிறுத்து. இங்கே 'மை', 'மீ' என்று சுருக்கக் கூடாது, 'செல்ஃப்' கட்டாயம் வேண்டும். தமிழிலும் 'தன்னை'க்கும் 'அவனை'க்கும் வேறுபாடு இருக்கிறதே, அதே கதைதான். 'ஹி செகண்ட்-கெஸ்ஸிஸ் ஹிம்செல்ஃப்' என்றால் தன்னையே கிளறுகிறான். 'ஹி செகண்ட்-கெஸ்ஸிஸ் ஹிம்' என்றால் வேறொருவர் எடுத்த முடிவைக் குடைகிறான்.

மூன்றாவது, இன்னொருவரைக் கிளறுவது. 'மை மேனேஜர் செகண்ட்-கெஸ்ஸிஸ் மீ ஆன் எவ்ரிதிங்': நான் எதைச் செய்தாலும் மேலாளர் அதில் நொட்டைச் சொல்கிறார். ஆளைச் சொல்லிவிட்டு, எந்த விஷயத்தில் என்றும் சொல்ல வேண்டுமானால் 'ஆன்' வரும். 'அபவுட்' இல்லாவிட்டாலும் 'ஆன்' இப்படி ஓர் ஓரத்தில் இருக்கிறது. இதையே செயப்பாட்டு வினையிலும் சொல்வார்கள். 'ஐ டோன்ட் லைக் பீயிங் செகண்ட்-கெஸ்ட்': என் முடிவுகளை யாராவது குடைந்துகொண்டே இருந்தால் எனக்குப் பிடிக்காது. கோபத்தை அடக்கமாகச் சொல்ல இதைவிட நல்ல வாக்கியம் எனக்குத் தெரியவில்லை.

'செகண்ட்-கெஸ்ஸிங் வெதர்' என்று தொடரும் வாக்கியங்களும் காதில் விழும். 'ஐம் செகண்ட்-கெஸ்ஸிங் வெதர் ஐ ஷுட் ஹேவ் செட் யெஸ்': சரி என்று சொல்லியிருக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். அலுவல் கடிதத்தில் மட்டும் 'மை டிசிஷன்' என்று பெயர்ச்சொல்லைப் போட்டுவிடுங்கள், வாக்கியம் நிமிர்ந்து நிற்கும்.

ஐந்தாம் படி: முன்னால் என்ன வரும்?

இந்தச் சொல் தனியாக வருவதைவிட ஒரு துணைச்சொல்லோடு வருவதே அதிகம். 'கீப்', 'ஸ்டாப்', 'ஸ்டார்ட்' ஆகிய மூன்றோடும் 'இங்' வடிவத்தைப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. 'ஐ கீப் செகண்ட்-கெஸ்ஸிங் மைசெல்ஃப்', 'ஷி ஸ்டார்ட்டட் செகண்ட்-கெஸ்ஸிங் த ஹோல் ப்ளான்.' 'கீப் டு செகண்ட்-கெஸ்' என்று சொல்லவே கூடாது. 'ஸ்டாப் டு செகண்ட்-கெஸ்' என்றால், செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கிளறத் தொடங்கு என்று பொருள் மாறிவிடும்.

'மேக்' என்ற சொல்லோடு வரும்போது நேர்மாறு. 'ஹிஸ் கமென்ட் மேட் மீ செகண்ட்-கெஸ் மைசெல்ஃப்': அவர் சொன்ன ஒரு வார்த்தையில் எனக்கே என் மேல் நம்பிக்கை ஆடிப்போனது. இங்கே 'டு'வும் வராது, 'இங்'கும் வராது. வெறும் 'செகண்ட்-கெஸ்' மட்டும்தான். 'மேட் மீ டு செகண்ட்-கெஸ்' என்பது நம்மவர்கள் எழுத்தில் அடிக்கடி காணும் பிழை.

இன்னும் இரண்டு சேர்க்கைகள் கைவசம் இருந்தால் நல்லது. 'தேர்ஸ் நோ பாயின்ட் செகண்ட்-கெஸ்ஸிங் இட் நவ்': இனிமேல் அதைக் கிளறிப் பயனில்லை. 'ஷி மேட் த டிசிஷன் வித்தவுட் செகண்ட்-கெஸ்ஸிங் ஹர்செல்ஃப்': தயக்கமே இல்லாமல் முடிவெடுத்தாள். முதலாவதை நண்பருக்கு ஆறுதல் சொல்லும்போது பயன்படுத்திப் பாருங்கள், அதற்கென்றே பிறந்த வாக்கியம் அது.

ஆறாம் படி: காலக்கோட்டில் வையுங்கள்

தயக்கம், மறுயோசனை, கிளறல், வருத்தம் என்று நம் மனது ஒரே விஷயத்தில் பல கட்டங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆங்கிலத்தில் தனிச்சொல் உண்டு. ஒரே சம்பவத்தை எடுத்து நடந்து பார்த்தால் எளிதாகப் பிடிபடும்.

புதிய வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. போகலாமா, வேண்டாமா? இன்னும் எதுவும் சொல்லவில்லை. 'ஐ கான்ட் டிசைட்' அல்லது 'ஐம் ஹெசிடேட்டிங்.' இங்கே செகண்ட்-கெஸ்ஸுக்கு வேலையே இல்லை. முடிவே எடுக்காதபோது எதைக் கிளறுவது?

சரி என்று சொல்லிவிட்டீர்கள். சேர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. மனது பின்வாங்கப் பார்க்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. 'ஐம் ஹேவிங் செகண்ட் தாட்ஸ் அபவுட் திஸ் ஜாப்.' கவனியுங்கள், 'செகண்ட் தாட்ஸ்' வந்தால் 'அபவுட்' வரும். மேலே நான் விரட்டிய அதே 'அபவுட்'டுக்கு இங்கே இடம் உண்டு. இந்த இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால்தான் குழப்பமே. 'செகண்ட் தாட்ஸ்' என்பதில் முடிவை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு தொனிக்கும்.

வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. பழைய இடம் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. 'ஐ கீப் செகண்ட்-கெஸ்ஸிங் மை டிசிஷன்.' மாற்றப் போகிறீர்களா? தெரியாது. மாற்றாமலே பல மாதம் கிளறிக்கொண்டிருக்கலாம். இந்தச் சொல் அந்தக் கிளறலை மட்டும்தான் சொல்கிறது.

ஒரு வருடம் ஓடிவிட்டது. வந்தது தவறு என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. 'ஐ ரிக்ரெட் லீவிங் மை ஓல்ட் ஜாப்.' இது வருத்தம். இதில் குழப்பமே கிடையாது, தீர்ப்பு எழுதியாகிவிட்டது. 'தவறு செய்துவிட்டேன்' என்று தெளிவாகத் தெரிந்த பிறகு செகண்ட்-கெஸ் என்று சொன்னால் பொருந்தாது. 'சரியா, தவறா?' என்ற கேள்விக்குறி இருக்கும்வரைதான் இந்தச் சொல்லுக்கு உயிர்.

தேர்வு எழுதுவோர் வாயில் இது அடிக்கடி வரும். 'ஐ செகண்ட்-கெஸ்ட் மைசெல்ஃப் அண்ட் சேஞ்ஜ்ட் தி ஆன்சர்': சரியான விடையைத்தான் முதலில் குறித்திருந்தேன், தேவையில்லாமல் யோசித்து மாற்றித் தொலைத்தேன் என்று புலம்பும் வாக்கியம் இது. முதலில் தோன்றியதை மாற்றக் கூடாது என்பது உலகம் முழுக்க மாணவர்களிடையே உலவும் நம்பிக்கை. ஆனால் 2005-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்கள் 1,561 பேரின் தேர்வுத் தாள்களில் அழித்து மாற்றப்பட்ட விடைகளை எண்ணிப் பார்த்தார்கள். 51 சதவீத மாற்றங்கள் தவறிலிருந்து சரியானதற்குப் போயிருந்தன. சரியிலிருந்து தவறுக்குப் போனவை 25 சதவீதம்தான். மாற்றிக் கெடுத்தது மட்டும் நமக்கு ஆழமாக உறைக்கிறது, மாற்றிப் பிழைத்தது நினைவில் நிற்பதில்லை. செகண்ட்-கெஸ் என்ற சொல்லுக்குக் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டதற்கு இந்த ஞாபகமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏழாம் படி: 'கிளறு' உதவாத ஓர் இடம்

இதுவரை சொன்ன பொருளுக்குள் அடங்காத இன்னொரு பயன்பாடும் இருக்கிறது. இன்னொருவர் என்ன செய்வார், என்ன நினைப்பார் என்று முன்கூட்டியே ஊகிக்க முயல்வது. 'டோன்ட் ட்ரை டு செகண்ட்-கெஸ் தி எக்ஸாமினர்': கேள்வித்தாள் எடுப்பவர் என்ன கேட்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்காதே. 'இன்வெஸ்டர்ஸ் ஆர் ட்ரையிங் டு செகண்ட்-கெஸ் த சென்ட்ரல் பேங்க்': மத்திய வங்கி அடுத்து என்ன செய்யும் என்று முதலீட்டாளர்கள் ஊகிக்கப் பார்க்கிறார்கள்.

இந்தப் பொருள் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதிகம். நடந்து முடிந்ததைக் குறைகூறும் பொருள் அமெரிக்காவில் பிறந்தது. அங்கே பேஸ்பால் மைதானத்தில், ஆட்டம் முடிந்த பிறகு 'அவனை ஏன் இறக்கினார்கள், இவனை இறக்கியிருக்கலாமே' என்று சத்தம் போடும் ரசிகருக்கு 'செகண்ட்-கெஸ்ஸர்' என்று பெயர். அந்தப் பெயர்ச்சொல் 1930-களில் வழக்கில் இருந்தது. அதிலிருந்து உருவிய வினைச்சொல் 1941 வாக்கில் அச்சில் தென்படுகிறது. அகராதிகள் இன்றும் இரண்டு பொருளையும் அடுத்தடுத்துத் தருகின்றன.

எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நேரத்தைப் பாருங்கள். விஷயம் நடந்து முடிந்திருந்தால் கிளறல். இனிமேல் நடக்கப்போவதென்றால் ஊகம். 'ட்ரையிங் டு' முன்னால் நின்று, பின்னால் 'வாட்' வந்தால் பெரும்பாலும் ஊகம்தான்: 'ஸ்டாப் ட்ரையிங் டு செகண்ட்-கெஸ் வாட் ஷி வில் சே.' நீங்களாகப் பேசும்போது இந்தப் பொருளில் பயன்படுத்த அவசரப்பட வேண்டாம். காதில் விழும்போது புரிந்தால் போதும். சொல்ல வேண்டி வந்தால் 'ப்ரெடிக்ட்' அல்லது 'கெஸ்' என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகலாம்.

எட்டாம் படி: யாரிடம் எப்படிச் சொல்வது?

தன்னைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சொல் மென்மையானது. அடுத்தவரைப் பற்றிச் சொல்லும்போது கூர்மையானது. 'ஆர் யூ செகண்ட்-கெஸ்ஸிங் மீ?' என்று ஒருவர் கேட்டால், 'என் முடிவிலேயே கை வைக்கிறாயா?' என்கிறார். மேலதிகாரியிடம் இப்படிக் கேட்டால் உறவு கெடும். கீழே வேலை செய்பவரிடம் கேட்டால் அவர் அதன் பிறகு வாயே திறக்கமாட்டார். இரண்டுமே நல்லதல்ல.

ஆனால் இதே சொல்லை முன்கூட்டியே மறுத்துச் சொன்னால் அது மரியாதையாகிவிடுகிறது. 'ஐம் நாட் ட்ரையிங் டு செகண்ட்-கெஸ் யூ, பட் ஹேவ் வி செக்ட் த டேட்ஸ்?' உங்கள் முடிவில் குறை சொல்ல வரவில்லை, தேதிகளை ஒருமுறை பார்த்துவிட்டோமா என்று மட்டும் கேட்கிறேன். மூத்தவர்கள் உள்ள கூட்டத்தில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டும், ஆனால் துடுக்காகவும் தெரியக் கூடாது என்னும்போது இந்த வாக்கியம் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. மனப்பாடமே செய்துகொள்ளலாம். பின்பாதியை மட்டும் சூழலுக்கு ஏற்ப மாற்றுங்கள்.

நீதிமன்றச் செய்திகளிலும் இதைப் பார்ப்பீர்கள். அமெரிக்க நிறுவனச் சட்டத்தில், இயக்குநர்கள் நேர்மையாகவும் உரிய கவனத்தோடும் எடுத்த வணிக முடிவு பின்னால் நஷ்டத்தில் முடிந்தாலும், நீதிமன்றம் அதை 'செகண்ட்-கெஸ்' செய்யாது என்பது ஒரு முக்கியமான கொள்கை. இதனோடு ஒட்டியே 'ஹைண்ட்சைட்' என்ற சொல் வரும். நடந்து முடிந்த பிறகு திரும்பிப் பார்க்கும் பார்வை. 'ஹைண்ட்சைட் இஸ் ட்வென்டி-ட்வென்டி' என்பார்கள், அதாவது பின்னோக்கிப் பார்க்கும்போது எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். அந்த 20/20 கண் மருத்துவர் சொல்லும் கணக்கு. இயல்பான பார்வை உள்ளவர் 20 அடியில் படிக்கக்கூடியதை நீங்களும் 20 அடியில் படித்தால் உங்கள் பார்வை 20/20. நெதர்லாந்து கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-இல் வெளியிட்ட எழுத்துப் பலகையிலிருந்து வளர்ந்த அளவுமுறை அது. ஹைண்ட்சைட்டும் செகண்ட்-கெஸ்ஸும் ஒரே வாக்கியத்தில் வருவதும் உண்டு: 'இட்ஸ் ஈஸி டு செகண்ட்-கெஸ் தெம் வித் ஹைண்ட்சைட்.' எல்லாம் முடிந்த பிறகு அவர்களைக் குறை சொல்வது சுலபம்.

ஒன்பதாம் படி: நீங்களே சொல்லிப் பாருங்கள்

கீழே தமிழில் சில சூழல்கள். ஒவ்வொன்றையும் படித்ததும் நிறுத்தி, ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் என் விடையைப் பாருங்கள். உங்கள் வாக்கியம் வேறாக இருந்தால் தவறென்று நினைக்க வேண்டாம். 'அபவுட்' ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள்.

சுவருக்கு நீல வண்ணம் தேர்ந்தெடுத்தோம். பாதி அடித்த பிறகு, வெள்ளையே அடித்திருக்கலாமோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. 'வி கீப் செகண்ட்-கெஸ்ஸிங் த கலர்.'

தோழி ஒரு நல்ல முடிவை எடுத்துவிட்டு அனாவசியமாகக் கலங்குகிறாள். 'யூ மேட் த ரைட் சாய்ஸ். டோன்ட் செகண்ட்-கெஸ் யுவர்செல்ஃப்.'

நேர்காணலில் சொன்ன ஒரு பதில் இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை. 'ஐ லே அவேக் செகண்ட்-கெஸ்ஸிங் மை ஆன்சர்.'

பயிற்சியாளர் கடைசி நிமிடத்தில் ஆளை மாற்றினார், அணி தோற்றது. இப்போது ஆளாளுக்கு அவரைக் குறை சொல்கிறார்கள். 'எவ்ரிஒன் இஸ் செகண்ட்-கெஸ்ஸிங் த கோச் நவ்.'

ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு என் நம்பிக்கையையே ஆட்டிவிட்டான். 'ஹிஸ் கொஸ்டின் மேட் மீ செகண்ட்-கெஸ் எவ்ரிதிங்.'

அடுத்தது கொஞ்சம் வழுக்கும். வெளியூர்ப் பயணத்துக்கு ரயிலில் போவதா பேருந்தில் போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, குழப்பமாக இருக்கிறது. இதற்கு 'செகண்ட்-கெஸ்' என்று சொல்லியிருந்தால் ஆறாம் படிக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். இங்கே 'வி ஹேவன்ட் டிசைடட் யெட்'தான் சரி. ரயில் டிக்கெட் எடுத்து முடித்து, பேருந்திலேயே போயிருக்கலாமோ என்று வீட்டில் யாராவது முணுமுணுக்கும்போது சொல்லுங்கள்: 'லெட்ஸ் நாட் செகண்ட்-கெஸ் இட். த டிக்கெட்ஸ் ஆர் புக்ட்.'

கடைசியாக, இன்று நீங்கள் எடுத்த ஒரு சின்ன முடிவை நினைத்துப் பாருங்கள். யாருக்கோ அனுப்பிய செய்தி, தேர்ந்தெடுத்த சட்டை, மறுத்துவிட்ட ஓர் அழைப்பு, எதுவாகவும் இருக்கட்டும். அதை வைத்து மூன்று வாக்கியம் சொல்லுங்கள். 'ஐ கீப்' என்று தொடங்குவது ஒன்று, 'மேட் மீ' என்று வருவது ஒன்று, 'நோ பாயின்ட்' என்று தொடங்குவது ஒன்று. இந்த மூன்றும் தடுமாறாமல் வந்துவிட்டால், அடுத்த முறை 'அனுப்பியவை'யைத் திறந்து பார்க்கும்போது ஆங்கிலச் சொல் தானாக நாக்கில் வந்து நிற்கும்.